மடுவத்தில் நடந்த ஆராதனை

1982 ஏப்ரல் 25, ஞாயிறு. விடியுமுன் எழுந்தேன். அடுப்பு மூட்டி, பாலில்லாத சாயத்தண்ணி குடித்து, முகம் மழித்து, முந்தின நாளே தேய்த்துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் மனைவி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். தோட்டப் பாடசாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் ஆசிரியர் குவாட்டர்ஸை விட்டு ஒரு மேடு ஏறினால் ஆலயம். கதவைத் திறப்பது, பனி இறங்கிய, உட்காரும் வாங்குகளைத் துடைப்பது, பாட்டுகளின் இலக்கங்களைப் பலகையில் மாட்டுவது, பிறகு முதல் மணியை அடிப்பது: சபைச் செயலாளன் என்ற முறையில் ஞாயிறுதோறும் நான் செய்துவந்த வேலை. அன்று கவனம் அதில் இல்லை. இலக்கம் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு வெளியே வந்து, மீண்டும் உள்ளே போய்ச் சரிசெய்தேன்.

அன்று எங்கள் ஆலயத்தில் ஒரு பரீட்சை. எழுதப்போகிறவர் ஒரு பெண். புள்ளி போடப்போகிறவர்கள் நாங்கள்.

அவர் கண்டிப் பக்கத்தில் உள்ள ஓர் இறையியல் கல்லூரியிலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்காக லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். பிறந்தது நல்லதண்ணிப் பக்கத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில். பிள்ளைக்காம்பிராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், பல வருடம் ஆயாவாக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்கப் போயிருந்தார். திரும்பிப் போனாலும் அந்த இடம் இல்லை, வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

கல்லூரியை நான் அந்த வருடம் ஜனவரியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பயிற்சி மாணவர்களை ஏற்கும் சபைகளின் செயலாளர்களை ஒரு நாள் அழைத்திருந்தார்கள். அப்படி ஓரிடத்தை நான் அதுவரை கண்டதில்லை. சிங்களவரும் தமிழரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். வெவ்வேறு சபைப் பிரிவினர் ஒரே சமையலறையில் முறைவைத்துச் சமைத்தார்கள். காலை ஜெபம் ஒரு நாள் சிங்களத்தில், மறுநாள் தமிழில். விளங்காதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்களுக்கென்று தனி வரிசை இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் அதிபரே தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனார். நான் என்னுடையதை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். "சார், தண்ணி அந்தப் பக்கம் இருக்கு," என்றான் ஒரு மாணவன், மிக மரியாதையாக.

உயர்தர வகுப்புப் படிக்காத ஒருவரை எப்படிச் சேர்த்தீர்கள் என்று அங்கிருந்த விரிவுரையாளர் அம்மா ஒருவரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஒரே நேரத்தில அழுகிற அத்தனை பிள்ளையளையும் சமாளிச்சு, தாய்மாரையும் சமாளிச்ச ஆள். நாங்கள் அவவிட்ட வேற என்ன தகுதி கேக்கிறது?" என்றார். மூன்று மாத முடிவில் நடப்பது என்னவென்றும் அவர்தான் சொன்னார். மாணவி ஒரு ஞாயிறு ஆராதனையைத் தனியாக நடத்த வேண்டும். விரிவுரையாளர்கள் இருவர் வந்து பார்ப்பார்கள். ஆனால் தீர்ப்பு அவர்களுடையது அல்ல. "இவர் உங்களுக்கு ஊழியராக வரலாமா?" என்று சபையாரிடம் கேட்பார்கள். சபை ஒருமனப்பட்டு ஆம் என்றால் கடைசி வருடப் படிப்பு. இல்லையென்றால் அத்தோடு சரி.

பஸ்ஸில் திரும்பும்போது நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரை, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதருக்கு, அவர் கேட்காமலே இதையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். படிக்காத எங்கள் சனத்திடம் வந்து, உங்களுக்கு யார் வேண்டும் என்று கேட்கிறார்களே! அவர் ஹட்டனில் இறங்கும்போது, "நல்ல விசயந்தாங்க," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்.

ஒருமனப்பட்டு என்ற சொல்தான் இடித்தது. எங்கள் சபையில் ஒரு மூப்பர் இருந்தார். கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். லயத்தில் சண்டை என்றாலும் கலியாணம் என்றாலும் அவர் வாயைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சார், அந்தப் புள்ள நல்ல புள்ளதான். நான் ஒரு குத்தமும் சொல்லல. ஆனா பொம்பள போதகர்னா பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்னையப் பாத்து சிரிப்பான். கேட்டாங்கன்னா வேணாம்னுதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

"கேப்பாங்க மூப்பரே. உங்களக் கண்டிப்பா கேப்பாங்க."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

அந்த ஞாயிறு காலையில் முதல் மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றேன். பெண்கள் வந்தார்கள். ஆனால் தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, ஆலயத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் சபைப் பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"என்ன இது? இன்னைக்கு ஞாயித்துக்கிழமதானே?" என்று கத்தினேன்.

"கைக்காசு சார்! நேத்து சாயங்காலம் நிறுவையிலதான் சொன்னாங்க. மழ பேஞ்சு கொழுந்து மண்டிக் கெடக்கு, விட்டா முத்திரும்."

இன்னொருத்தி நடந்துகொண்டே திரும்பினாள். அவள் இந்துப் பெண். "பூசையப் பகலைக்கு வச்சுக்கங்க சார்! சாமி எங்கயும் போயிறாது."

கைக்காசு என்றால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் கொழுந்துக்கு அன்றே கையில் கிடைக்கும் காசு. கொழுந்து பெருகும் காலத்தில் திடீரென்று அறிவிப்பார்கள். அதை யாரும் விடமாட்டார்கள், விடவும் முடியாது. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி குவாட்டர்ஸில் இருந்த எனக்கு மட்டும் வரவில்லை.

உள்ளே மூப்பரும் மலைக்குப் போக முடியாத சில வயதானவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளில்லாத ஆலயத்தில் அந்தப் பெண் யாருக்குப் பிரசங்கம் செய்வார்? யார் ஆம் என்று சொல்வார்கள்?

மாணவி லயத்துப் பக்கமிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தார். வெள்ளைச் சேலையின் ஓரமெல்லாம் சேறு. முகத்தில் கலக்கம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"சார், எல்லாரும் நாலாம் நம்பர் மலைக்குத்தான் போறாங்க. பகல் நிறுவைக்கு மடுவத்துக்கு வருவாங்க. ஆராதனைய அங்க வச்சுக்குவோமா?"

"மடுவத்திலயா?" மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. தகரக் கூரை, நான்கு தூண், ஒரு தராசு.

"சனம் அங்கதானே சார் வரும்?"

மூப்பர் படிக்கு வந்துவிட்டார். "ஏம்மா, சர்ச்சு இங்க இருக்கு. வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது. இத விட்டுப்புட்டு சாக்கு மேல நின்னு ஜெபம் பண்ணப் போறியா?"

"நீங்களும் வாங்க தாத்தா. உங்களுக்கு ஒரு நாக்காலி தூக்கிட்டு வரச் சொல்றேன்."

"நாக்காலி ஒண்ணும் வேணாம். நான் நிப்பேன்," என்றார் மூப்பர். வரமாட்டேன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

அதற்குள் கல்லூரி வான் மேடேறி வந்தது. விரிவுரையாளர் அம்மாவும், வயதான சிங்கள விரிவுரையாளர் ஒருவரும் இறங்கினார்கள். வெறும் வாங்குகளை எட்டிப் பார்த்த அம்மா, "சனம் எங்கை?" என்றார். மாணவி அவருக்குத் தமிழிலும் ஐயாவுக்குச் சிங்களத்திலும் நடந்ததைச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயா குனிந்து காற்சட்டையின் நுனியை மடித்துவிட்டார். "அப்ப நடவுங்கோ," என்றார் அம்மா. எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பகல் நிறுவைக்குச் சற்று முன், மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. எங்கள் ஊர்வலத்தைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"இங்க பாருங்க சார், தராசு நிக்காது. லொறி வந்து ஹோர்ன் அடிச்சா எனக்குத்தான் ஏச்சு."

மாணவி முன்னால் வந்தார். "தராச நிப்பாட்ட வேணாம் ஐயா. நீங்க பேரக் கூப்புட்டு நிறுத்துக்கிட்டே இருங்க. முடிச்சவங்க அப்படியே என்கிட்ட வரட்டும்."

"பாட்டு இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

"மெதுவா பாடணும். கிலோ கேக்காம போனா இவளுக என்னையத்தான் பிச்சுத் தின்னுவாளுக."

அப்படித்தான் அந்த ஆராதனை நடந்தது. தூறலில் வரிசை நீண்டு நின்றது. வரிசையிலேயே நின்றபடி எங்கள் சபைப் பெண்கள் பாட்டைத் தொடங்கினார்கள். பாட்டின் ஊடே கணக்கப்பிள்ளை பேரையும் கிலோவையும் கூவினார். அவர் கூவும்போது பாட்டு தணியும், முடித்ததும் ஏறும். இரண்டாம் பாட்டுக்குள் அவர் அடியின் முடிவு வரை காத்திருந்து கூவத் தொடங்கிவிட்டார்.

பிரசங்கம் சின்னது. ஒரு சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று மாணவி பேசினார். "இங்க வாரம் முழுக்க உங்க பேரக் கூப்புடுறாங்க. பேருக்குப் பின்னால ஒரு நம்பரு வருது. நம்பரு கொறஞ்சா ஏச்சு வருது. ஆண்டவர் கூப்புடுறப்ப பேரு மட்டுந்தான். பின்னால நம்பரு கெடையாது. இன்னைக்கு நான் உங்க பேர மட்டும் சொல்லப்போறேன்." பிறகு தராசிலிருந்து வந்த ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, "சமாதானம் உங்களோட இருக்கட்டும்," என்றார். கிறிஸ்தவர், இந்து என்று பார்க்கவில்லை. பேர் தெரியாமல் அவர் திணறியதையும் நான் பார்க்கவில்லை. ஒருத்தி பேரைக் கேட்டுவிட்டு வெட்கத்தில் கூடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்த குழப்பத்தை எங்கள் தோட்டத்தில்தான் காணமுடியும்.

ஆராதனை முடிவில் அன்பின் விருந்து வைப்பதாக ஏற்பாடு. திருவிருந்தைக் குருப்பட்டம் பெற்ற போதகர் மட்டுமே கொடுக்கலாம். இது அது அல்ல. ரொட்டியைப் பிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது, அவ்வளவுதான். என் மனைவி சுட்ட ரொட்டியைத் துண்டுகளாக்கி ஒரு பேசினில் வைத்து, மாணவிக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்திருந்தாள். எங்கள் சபையில் ஸ்தோத்திரம் சொல்லி முடியும்வரை யாரும் உணவில் கைவைப்பதில்லை. ஆகவே எங்கள் ஆட்கள் பேர் சொல்லப்பட்டதும் ஒதுங்கி, கைகட்டி, பயபக்தியோடு நின்றார்கள்.

இந்துப் பெண்களுக்கு அந்த முறை தெரியாது. வரிசையில் வந்தார்கள், முதலில் தராசு, பிறகு ஆசீர்வாதம், அடுத்தது பேசின். பிரசாதம் என்றே நினைத்தார்கள். இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்று இன்னொரு துண்டு கேட்டவர்களும் உண்டு. மாணவி யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. கடைசிக் கூடை தராசை விட்டு இறங்கியபோது பேசினில் பொடிகூட இல்லை. ஸ்தோத்திரத்துக்குக் காத்திருந்த கிறிஸ்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள்.

மூப்பர் பேசினைச் சாய்த்துப் பார்த்தார். "சார், நம்ம விருந்த ஊரு தின்னுருச்சு."

ஒழுங்கு கெட்டுவிட்டது, இதை வைத்தே வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். மாணவி பேசினையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

காலையில் பூசையைப் பகலைக்கு வைக்கச் சொன்ன அதே பெண் மூப்பர் முன்னால் வந்தாள். தன் துண்டை இரண்டாகப் பிட்டு நீட்டினாள். "இந்தாங்க தாத்தா, பாதி. நான் இன்னும் கடிக்கல." மூப்பர் நாலு பக்கமும் பார்த்தார். அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குடும்பம் அவருடையது. அது எல்லோருக்கும் தெரியும். அவள் கையை இறக்கவில்லை. அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்க வேண்டுமா? மடியில் முடிந்ததை அவிழ்த்தார்கள், பாதி கடித்ததைப் பிட்டார்கள். எங்கள் சபையாருக்கு அந்த இந்துப் பெண்கள் விருந்து கொடுத்தார்கள். சிங்கள ஐயாவுக்கு நகம் அளவு ஒரு துண்டு கிடைத்தது. அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எனக்குக் கிடைத்ததில் யாருடைய வெற்றிலை வாசமோ ஒட்டியிருந்தது. நான் அன்று மகிழ்ச்சியில் பறந்துகொண்டிருந்தேன்; அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு போனதும் எல்லோரும் வெறும் சாக்குகள்மேல் உட்கார்ந்தார்கள். முறைப்படி மாணவியை அப்பால் அனுப்பிவிட்டார்கள். பாதை வளைவில் ஒரு மரத்தடியில், எங்கள் பேச்சுக் கேட்காத தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

விரிவுரையாளர் அம்மா கேள்வியைக் கேட்டார். மூப்பர் தொண்டையைச் செருமினார். அம்மா கையைக் காட்டித் தடுத்தார். "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. எங்கட வழக்கம், முதல்ல பெண்கள் சொல்ல வேணும்."

எங்கள் சபைக் கூட்டங்களில் அதுவரை ஒரு பெண்ணும் வாய் திறந்ததில்லை. பின்னாலிருந்து ஓர் இந்துப் பெண் மட்டும், "நாங்களும் சொல்லலாமாங்க?" என்றாள்.

"சொல்லுங்கோ. கணக்கில எடுக்க மாட்டம். ஆனா கேப்பம்."

"எங்களுக்குப் புடிச்சிருக்கு."

"ஒனக்கு ரெண்டு ரொட்டி குடுத்தா புடிக்காம என்ன?" என்றார் மூப்பர். "சொந்த சனத்துக்கு இல்லாம ஊருக்குக் குடுத்தா அது என்ன ஊழியம்?"

"பாதிய நீங்கதானே தாத்தா தின்னீங்க?" என்றாள் பாதி கொடுத்தவள்.

சாக்குகளே குலுங்குமளவுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ஒரு குரல் கேட்டது. மூப்பரின் மருமகள். கலியாணமாகி வந்த நாள் முதல் மாமனார் முன்னால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நான் வரணும்னு சொல்றேங்க. மாமா வேணாம்னு சொல்லுவாங்க. ஆனா அந்தக்கா லயத்துல பக்கத்து வீட்டுல சாயங்காலம் ஜெபம் வைக்கிறப்ப, மாமா ரேடியோவ நிப்பாட்டிட்டு சொவத்துப் பக்கம் வந்து உக்காந்துக்குவாங்க. ஜெபம் முடியிறவரைக்கும் யாரையும் பேச விடமாட்டாங்க. எனக்கு இருமல் வந்தாக்கூட வெளிய போகச் சொல்லுவாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மூப்பரைப் பார்த்தார்கள். அவர் காது சிவந்துபோனது.

"சொவரு மெல்லிசு," என்றார். "சத்தம் வந்தா நான் என்ன செய்ய?"

"ரேடியோவ ஏன் நிப்பாட்டுனீங்க?" என்று கணக்கப்பிள்ளை தராசைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ ஒன் சோலியப் பாரு."

அவள் பேசியதும் மற்றப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் அவர் கூட இருந்ததைச் சொன்னாள், ஒருத்தி பாட்டைச் சொன்னாள், ஒருத்தி, "எங்க பேச்சுல பேசுறாங்க," என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆண்கள். ஒவ்வொருவராக ஆம். நான் ஆம் என்று சொன்னபோது என் குரல் பாடசாலையில் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் பெரிதாக வந்தது. மிச்சம் மூப்பர்.

சிங்கள ஐயா தன் மெதுவான தமிழில் கேட்டார். "பெரியவர், நீங்கள்?"

மூப்பர் மருமகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, வளைவில் நின்ற அந்த முதுகைப் பார்த்தார். "அடுத்த தடவ ரொட்டி கூடச் சுடச் சொல்லுங்க," என்றார்.

"அது ஆமோ, இல்லையோ?" என்றார் அம்மா.

"கூடச் சுடச் சொன்னா என்னம்மா அர்த்தம்? வரட்டும்னுதானே அர்த்தம்?"

பெண்கள் எழுப்பிய கூச்சலில் விரிவுரையாளர்கள் கையசைத்துக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மரத்தடியில் நின்றவர் திரும்பினார். முதலில் நடந்தார். பிறகு சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூப்பரின் மருமகள்தான் முதலில் போய்க் கையைப் பிடித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை விடிந்ததும் நான் முதல் வேலையாகத் தோட்ட அலுவலகமான கந்தோருக்குப் போனேன். படிப்பு முடிந்து வருகிறவருக்கு இருக்க ஓர் அறை வேண்டும். லயத்துக் காம்பிரா ஒன்று கேட்டால் கிடைக்க ஒரு வருடமாவது ஆகும், அதனால் உடனே கேட்டுவிடுவது நல்லது என்று இரவே மனைவியிடம் சொல்லியிருந்தேன். அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு மூப்பர் எனக்கு முன்பே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இவ்வளவு லேட்டு?" என்றார்.

பெரிய கிளாக்கர் யன்னலைத் திறந்து, யாருக்குக் காம்பிரா என்று கேட்டார். "எங்க போதகருக்கு," என்றார் மூப்பர். மேல் லயத்தில் இரண்டு காலியாக இருக்கிறது, இரண்டும் ஒழுகும் என்றார் கிளாக்கர். பார்த்துவிட்டு வருகிறோம் என்று சாவிகளை வாங்கிக்கொண்டோம். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து நாங்கள் இருவரும் மேல் லயத்துக்கு ஏறினோம். முதல் காம்பிராவுக்குள் நுழைந்ததும் மூப்பர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கைத்தடியால் கூரைத் தகரத்தை ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.